காலையில் மட்டும் கிளம்ப மறுக்கும் கார்

குளிர் நாளின் காலையில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் பேட்டரியை மாற்றுங்கள் என்பதுதான். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடுகிறது. அதனால்தான் அது இவ்வளவு பழகிப்போயிருக்கிறது. பேட்டரியை மாற்றிய பிறகும் அதே போல் முரண்டு பிடிக்கும் வண்டிகளைப் பற்றியே இங்கே எழுத நினைக்கிறேன். இந்தக் கோளாறுகளுக்கு ஒரு பொதுக்குணம் உண்டு: மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரத்தில் அவை காணாமல் போய்விடுகின்றன. ஏற்கெனவே ஓடிச் சூடான எஞ்சினோடு, பத்து மணி வெயிலில் பட்டறைக்குள் நுழையும் கார் தொட்டவுடன் ஸ்டார்ட் ஆகும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேன் கருவியில் பிழைக் குறியீடு எதுவும் இராது. அவரும் கையை விரித்துவிடுவார். ஆகவே துப்புத் துலக்கும் வேலையில் பாதியாவது, விடியற்காலையில் சாவியைத் திருப்புகிறவரின் தலையில்தான் விழுகிறது.

குளிரின் மேல் பழியைப் போடுவதற்கு முன், அந்தக் காலையில் மூன்று விஷயங்கள் ஒருசேர நடந்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். வெப்பநிலை இறங்கியிருக்கிறது, வண்டி எட்டோ பத்தோ மணிநேரம் அசையாமல் நின்றிருக்கிறது, காற்றிலிருந்த ஈரம் உலோகத்தின் மீதும் வயர்களின் மீதும் படிந்திருக்கிறது. மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருவதால் மூன்றையும் குளிரின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். எந்தப் பாகத்தையும் கழற்றுவதற்கு முன்னால் இந்த மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவிட்டால், தேட வேண்டிய இடம் வெகுவாகச் சுருங்கிவிடும் என்பதே என் அனுபவம்.

நான் சில ஆண்டுகள் வைத்திருந்த பெட்ரோல் கார் ஒன்று இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. குளிர்காலக் காலைகளில் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றும். ஆனால் எஞ்சின் பிடிப்பதற்கு நெடுநேரம் ஆகும். ஒருநாள் மாலை, காலையைவிடக் கடுமையான குளிரில், வெட்டவெளியில் நான்கு மணிநேரம் நின்று முழுவதுமாக ஆறிப்போயிருந்த நிலையில், அது உடனே ஸ்டார்ட் ஆனது. எஞ்சின் அதே அளவுக்குக் குளிர்ந்திருந்தும் கோளாறு வராததால், வெப்பநிலையை மட்டும் காரணமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு, குளிர் விட்ட ஒரு வாரத்தில் சில நாட்கள் எடுக்காமல் நிறுத்திவைத்தபோது அதே நீண்ட சுற்றல் மீண்டும் வந்தது. அதாவது நேரம்தான் முதன்மையான காரணி. நிற்கும் வண்டியில் நேரம் ஆக ஆக மாறக்கூடியவை அதிகமில்லை: பேட்டரியின் சார்ஜ் குறையும், எண்ணெய் கீழே இறங்கும், எரிபொருள் குழாயில் தேங்கியிருக்கும் அழுத்தம் கசிந்து போகும். செல்ஃப் வலுவாகச் சுற்றியதால் முதலாவது இல்லை. இரண்டாவது எல்லா எஞ்சினிலும் நடப்பது, அதனால் ஸ்டார்ட் ஆவது தடைபடுவதில்லை. எஞ்சியது மூன்றாவது.

டேங்கிற்குள் இருக்கும் ஃபியூவல் பம்பில் ஒருவழி வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தத்தைப் பிடித்துவைப்பது அதன் வேலை. அது தேய்ந்துவிட்டால் பெட்ரோல் மெல்ல டேங்கிற்கே திரும்பிவிடும். மறுநாள் காலை பம்ப் வெறுங்குழாயை நிரப்பி முடிக்கும் வரை எஞ்சின் வெறுமனே சுற்றும். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. பல கார்களில் சாவியை ஸ்டார்ட் நிலைக்குக் கொண்டுபோகாமல் ‘ஆன்’ நிலையில் வைத்தாலே பம்ப் ஓரிரு விநாடி ஓடி நின்றுவிடும். அப்படி இரண்டு மூன்று முறை ஆன் செய்து அணைத்த பிறகு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் உடனே பிடித்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதிப்பட்டுவிடும். அழுத்தமானியை மாட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகு செய்ய வேண்டியது. அழுத்தம் வேறு வழியிலும் கசியலாம். எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒன்று சொட்டினால் பெட்ரோல் டேங்கிற்குத் திரும்பாமல் சிலிண்டருக்குள் இறங்கும். அப்போது ஸ்டார்ட் ஆகும் தருணத்தில் கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் வரும். எஞ்சின் சிறிது நேரம் தடுமாறி ஓடும். நீண்ட சுற்றல் இரண்டுக்கும் பொதுவானது, வாடைதான் பிரித்துக்காட்டும்.

நேரத்தை விலக்கிவிட்டால், அடுத்து நம்ப வேண்டியது காதைத்தான். சாவியைத் திருப்பியதும் ஒரே ஒரு ‘டக்’ ஓசையோடு நின்றுவிடுகிறதா, இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்கவில்லையா, அல்லது வழக்கத்தைவிட வேகமாக, தடையே இல்லாததுபோல் வழுக்கிச் சுற்றுகிறதா என்பதை முதல் ஐந்து விநாடியில் கவனித்துவிட வேண்டும். வண்டி கிளம்பவில்லை என்ற பதற்றத்தில் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்புகிறவர்கள் இந்த முதல் சாட்சியை இழந்துவிடுகிறார்கள். ஐந்தாவது முயற்சியின்போது பேட்டரியும் களைத்திருக்கும், சிலிண்டரில் பொறி தரும் பிளக்குகளும் பெட்ரோலில் நனைந்திருக்கும். அப்போது கேட்கும் ஓசை மூலக் கோளாறைப் பற்றி எதுவும் சொல்லாது.

இழுத்து இழுத்துச் சுற்றுவது குளிர் உண்மையிலேயே குற்றவாளியாக இருக்கும் வகை. ஈய அமிலப் பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. வெப்பநிலை இறங்க இறங்க அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் ஒரு பேட்டரியால் தரக்கூடிய திறன் இதமான வெப்பநிலையில் தருவதில் ஏறக்குறைய பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, சுற்றுவதற்குத் தேவைப்படும் விசையைக் கூட்டிவிடும். வரவு குறைந்து செலவு கூடும் இந்தச் சந்திப்பில்தான், கோடை முழுவதும் குறை சொல்ல முடியாதிருந்த பேட்டரி ஒரே இரவில் தோற்றுப்போகிறது. பேட்டரியின் மீது அச்சிட்டிருக்கும் குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் எண் இதைக் குறிப்பதுதான்: அமெரிக்கத் தர அளவின்படி, மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடிகளுக்கு 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பது அது.

பேட்டரியைச் சோதிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓய்வில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 காட்டினால் ஏறத்தாழப் பாதி என்பது பலருக்கும் தெரியும். ஆனால் வண்டியை நிறுத்திய சற்று நேரத்தில் அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் தங்கிய சார்ஜ் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்தபின் அளப்பது நல்லது. அதைவிட நம்பகமானது, செல்ஃப் சுற்றும்போது அளப்பது. மிதமான வெப்பநிலையில் அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியின் அமிலக்கரைசல் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது, காலியான பேட்டரியோ மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்துவிடக்கூடும். உறைந்த பேட்டரிக்கு இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுப்பது ஆபத்து, அது வெடிக்கலாம்.

புதிய பேட்டரி போட்ட பிறகும் செல்ஃப் இழுத்தே சுற்றினால் கேபிள்களுக்குப் போக வேண்டும். இந்த இடத்தில்தான் நான் கண்ட பெரும்பாலான புதிர்கள் அவிழ்ந்திருக்கின்றன. இதைத்தான் பெரும்பாலானவர்கள் தாண்டிப்போய்விடுகிறார்கள் என்றும் நினைக்கிறேன். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டெர்மினலின் அடியிலோ கேபிளின் நுனியிலோ நூறில் ஒரு பங்கு ஓம் அளவுக்கு மின்தடை சேர்ந்திருந்தால் போதும், 1.5 வோல்ட் அங்கேயே காணாமல் போய்விடும். அந்தச் சிறு தடையைச் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையில் பார்க்கவே முடியாது. கம்பி நன்றாக இருக்கிறது என்றே அது சொல்லும். எனவே வோல்ட் அளவையில் வைத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். சுற்றும்போது கால் வோல்ட்டுக்குமேல் காட்டினால் எர்த் பக்கத்தில் குறை. பாசிட்டிவ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்குமேல் காட்டினால் அந்தப் பக்கத்தில் குறை. மீட்டர் இல்லாதவர், இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கப் பயன்படும் ஜம்ப் கேபிள் ஒன்றை நெகட்டிவ் முனையிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கிற்கு மாட்டிப் பார்க்கலாம். செல்ஃப் சட்டென்று உயிர்பெற்றால் எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான் குற்றவாளி. எர்த் பட்டை முற்றிலும் அறுந்த வண்டிகளில் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி, அந்தக் கேபிள் சூடேறுவதும் உண்டு. மோட்டார் பக்கமே போகாமல் ஆக்சிலரேட்டர் இறுகுகிறது என்று அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பவர்களின் கதை இப்படித்தான் தொடங்கியிருக்கும்.

எஞ்சின் ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவில் ‘டபிள்யூ’ என்ற எழுத்துக்கு முன்னால் இருக்கும் எண் குளிரில் அதன் நடத்தையைக் குறிக்கிறது. குளிர்ந்த எஞ்சின் சுற்றுவதை ஆயில் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் சோதனை 5டபிள்யூ வகைக்கு மைனஸ் 30 டிகிரியிலும், 15டபிள்யூ வகைக்கு மைனஸ் 20 டிகிரியிலும் நடத்தப்படுகிறது. கடுங்குளிரில் கெட்டியான வகையை ஊற்றிவிட்டு பேட்டரியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

மந்தமான சுற்றலிலிருந்து பிறக்கும் இன்னொரு புதிர் எனக்கு மிகவும் பிடித்தமானது. எஞ்சின் சுற்றும், பிடிக்காது. சலித்துப்போய்ச் சாவியை விடும் அந்த நொடியில் சட்டென்று பிடித்துவிடும். செல்ஃப் மோட்டார் இழுக்கும்போது மின்னழுத்தம் மிகவும் தாழ்ந்து, பிளக்கில் பொறி உண்டாக்க உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்கும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கும் போதாமல் போகிறது. சாவியை விட்டதும் மின்னழுத்தம் மீண்டு, எஞ்சின் இன்னும் உருண்டுகொண்டிருக்கும் அந்தக் கால் விநாடியில் பொறி பறக்கிறது. எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குத் தெரிவிப்பது கிராங்க் சென்சார். காந்தச் சுருள் வகையைச் சேர்ந்த அதன் சமிக்ஞை எஞ்சின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தே வலுவடையும் என்பதால், மெதுவாகச் சுற்றும்போது எஞ்சின் சுற்றுகிறதா என்பதே கணினிக்குத் தெரியாமலும் போகலாம். இப்படிப்பட்ட வண்டியில் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறவர் பொறி வரவில்லை என்று முடிவுகட்டி, காயிலையும் சென்சாரையும் மாற்றி, பணத்தைக் கரைப்பார். தேய்ந்த இக்னிஷன் சுவிட்சும் இதே அறிகுறியைத் தரும் என்பதால், சுற்றும்போது காயிலுக்கு வந்து சேரும் வோல்ட்டை அளந்துவிட்டே எதையும் வாங்க வேண்டும். பேட்டரியில் 10.5 வோல்ட் இருந்து காயிலில் 7 வோல்ட் இருந்தால் சுவிட்சையும் வயரையும் பார்க்க வேண்டும். இரண்டிலுமே தாழ்ந்திருந்தால் மறுபடியும் பேட்டரிக்கும் கேபிளுக்குமே திரும்ப வேண்டும்.

வழக்கமான வேகத்தில் சுற்றியும் பிடிக்காத பெட்ரோல் எஞ்சினில், முதலில் விசாரிக்கப்பட வேண்டியது கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தின் வெப்பநிலையை அளக்கும் சென்சார். திரவ பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது; குளிரில் அதன் இலேசான பகுதி மட்டுமே ஆவியாகும். எனவே குளிர்ந்த எஞ்சினுக்கு வழக்கத்தைவிடப் பன்மடங்கு பெட்ரோல் தெளிக்க வேண்டியிருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டியில் சோக்கை இழுத்து நாம் செய்த வேலையை இன்று கணினி செய்கிறது. அதற்கு வழிகாட்டுவது இந்தச் சிறிய சென்சார். குளிர்ந்தால் இதன் மின்தடை ஏறும், சூடேறினால் இறங்கும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 0 டிகிரியில் ஏறத்தாழ 6,000 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் அளவு இருக்கும். சென்சார் அடியோடு செத்துவிட்டால் கணினி கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கை எரியவைத்துவிடும். சாகாமல் பொய் சொல்லும் சென்சாரைத்தான் பிடிக்க முடிவதில்லை. பனிக்காலையில் எஞ்சின் 50 டிகிரி சூட்டில் இருக்கிறது என்று அது சொன்னால், கணினி அதை நம்பிச் சிக்கனமாகவே பெட்ரோல் தெளிக்கும், எஞ்சின் பிடிக்காது, குறியீடும் பதிவாகாது. இதைக் கண்டுபிடிக்க, இரவு முழுவதும் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே ஸ்கேன் கருவியைச் செருகிக் கூலண்ட் வெப்பநிலையையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையையும் அருகருகே பார்க்க வேண்டும். இரண்டும் வெளிக்காற்றின் வெப்பநிலையோடு சில டிகிரி வித்தியாசத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலண்ட் எண் மட்டும் தனியே விலகி நின்றால் விசாரணை முடிந்தது. (மைனஸ் 40 என்று காட்டினால் அது குளிரல்ல, இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள்.)

பெட்ரோல் போதவில்லையா, மிகுந்துவிட்டதா என்பதைப் பிளக்கே சொல்லிவிடும். நெடுநேரம் சுற்றிய பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை அல்லது அளவுக்கு மிஞ்சிய பெட்ரோலில் எஞ்சின் மூழ்கிவிட்டது. எங்கள் சித்தப்பாவின் கார் குளிர்காலத்தில் திங்கட்கிழமைகளில் மட்டும் கிளம்பாது. கிழமைக்கும் எஞ்சினுக்கும் என்ன தொடர்பு என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவர் காரை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்துக் கழுவி, மறுபடி உள்ளே விட்டு அணைத்துவிடுவார் என்பது பிறகுதான் தெரியவந்தது. குளிர்ந்த எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓட்டி அணைத்தால், தொடக்கத்துக்காகத் தாராளமாகத் தெளிக்கப்பட்ட பெட்ரோல் எரியாமல் தங்கிப் பிளக்குகளை நனைக்கும். சிலிண்டர் சுவரிலிருக்கும் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும். எண்ணெய்ப் படலம் போனால் பிஸ்டன் வளையங்களால் அழுத்தத்தைப் பிடித்துவைக்க முடியாது. நான் முன்பு சொன்ன, வழுக்கிக்கொண்டு வேகமாகச் சுற்றும் ஓசை அதுதான். டைமிங் பெல்ட் அறுந்தாலும் ஏறக்குறைய இதே ஓசை வரும் என்பதால், அதைக் கேட்டவர் பயப்படுவதில் வியப்பில்லை. ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃபைச் சுற்றினால் பெரும்பாலான இன்ஜெக்டர் வகை எஞ்சின்களில் பெட்ரோல் தெளிப்பது நின்று, வெறும் காற்று உள்ளே போய் ஈரத்தைத் துடைக்கும்; பத்து விநாடி சுற்றி, மோட்டார் ஆற இடைவெளி விட்டு, மீண்டும் சுற்ற வேண்டும். அவருடைய கார் அப்படித்தான் பிடித்தது. கழுவிய பிறகு எஞ்சின் சூடாகும் வரை ஓட்டிவிட்டு நிறுத்தத் தொடங்கியதிலிருந்து திங்கட்கிழமைகளும் மற்ற நாட்களைப் போலாகிவிட்டன.

ஈரம் தனியாக வேலை செய்கிறதா என்று அறிய வானிலையே உதவுகிறது. மைனஸ் 15 டிகிரியில் காற்றில் தங்கக்கூடிய ஈரம் மிகவும் குறைவு. பனிமூட்டத்தோடு கூடிய 2 டிகிரிக் காலையில்தான் எல்லாம் நனைந்திருக்கும். கடுங்குளிரில் ஒழுங்காகக் கிளம்பி, இதமான மூட்டக் காலையில் அடம்பிடிக்கும் கார் இருந்தால், வெடிப்பு விழுந்த காயிலையோ வயரையோ தேடலாம். இருட்டில், தண்ணீரைப் பூத்தூறலாக அவற்றின்மேல் தெளித்து, தொடாமல் தள்ளி நின்று, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் நீலப் பொறி தாவும் இடம் கண்ணுக்கே தெரியும்.

டீசலில் விசாரணை வேறு பாதையில் போகிறது. அங்கே பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். சுற்றும்போது புகைக்குழாயைப் பார்த்துவர ஒருவரை நிறுத்துங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, எரியும் அளவுக்குச் சூடு இல்லை: சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகள், அவற்றுக்கு மின்சாரம் விடும் ரிலே, சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (காற்று அழுத்தப்படும் அளவு) ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். புகையே வராவிட்டால் டீசல் வந்து சேரவில்லை. நன்றாக ஸ்டார்ட் ஆகி, ஒரு நிமிடம் ஓடி, மூச்சுத் திணறி நின்றுபோகும் எஞ்சின் மூன்றாவது வகை. டீசலில் கரைந்திருக்கும் மெழுகு குளிரில் படிகமாகி ஃபில்டரை அடைத்திருக்கும். ஃபில்டரைத் தாண்டி ஏற்கெனவே குழாயில் இருந்த டீசல் தீரும் வரை மட்டுமே எஞ்சின் ஓடியிருக்கும். இதைத் தவிர்க்கவே ஐரோப்பிய இஎன் 590 தர அளவு, ஃபில்டர் அடைபடும் வெப்பநிலையை வைத்து, மிதமான தட்பவெப்பத்துக்குரிய டீசலைப் பிளஸ் 5 டிகிரியிலிருந்து மைனஸ் 20 டிகிரி வரை ஆறு வகுப்புகளாகப் பிரிக்கிறது. குறைவாக ஓடும் வண்டியின் டேங்கில் கோடையில் நிரப்பிய டீசலே குளிர்காலத்திலும் கிடக்கும் என்பதை அதன் உரிமையாளர் மறந்திருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் பிடிபடாத வண்டிக்கு, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சூடாக்கிப் பார்க்கும் வழி இருக்கிறது. இரவில் பேட்டரியை மட்டும் கழற்றி வீட்டுக்குள் வைத்து, காலையில் மாட்டிப் பாருங்கள். கிளம்பினால் கோளாறு மின்சாரப் பக்கம் இருக்கிறது. மறுநாள் பேட்டரியைக் குளிரிலேயே விட்டு, எஞ்சினைச் சூடாக்கும் பிளாக் ஹீட்டரை மட்டும் இயக்கிப் பாருங்கள். ரிலேயோ கணினிப் பெட்டியோ சந்தேகத்துக்குரியதாக இருந்தால், தலைமுடி உலர்த்தியால் அதை மட்டும் இதமாகச் சூடாக்கி முயலலாம். வெடித்த சால்டர் இணைப்புகள் இப்படித்தான் அகப்படுகின்றன. பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் காரில் சாவியையும் இந்தச் சோதனையில் சேர்க்க வேண்டும். சாவிக்குள் இருக்கும் வில்லை பேட்டரி தளர்ந்திருந்தால், சட்டைப்பையின் சூட்டிலிருந்து எடுத்த சாவியை ஏற்றுக்கொள்ளும் கார், குளிரில் கிடந்த சாவியை அடையாளம் காணாது. பல கார்களில் அந்தச் சாவியைப் பொத்தானை ஒட்டி, அல்லது கையேட்டில் குறித்த இடத்தில் வைத்து அழுத்தினால், பேட்டரி தேவைப்படாத சிப் படிக்கப்பட்டு எஞ்சின் கிளம்பும்.

பட்டறைக்குப் போவதென்றால், வெறுங்கையோடு போகாமல் சில நாள் குறிப்புகளை எடுத்துச்செல்வது நல்லது: வெளி வெப்பநிலை, வண்டி எத்தனை மணிநேரம் நின்றது, முந்தைய ஓட்டம் எவ்வளவு நீண்டது, காற்றில் ஈரம் இருந்ததா, முதல் முயற்சியில் கேட்ட ஓசை, புகையின் நிறம், பெட்ரோல் வாடை. வண்டியை முந்தைய மாலையே ஒப்படைத்து, இரவு முழுவதும் வெளியிலேயே நிற்கட்டும் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காலையில் இடத்தை ஒதுக்குவதற்காக யாரும் அதை ஸ்டார்ட் செய்து நகர்த்தக் கூடாது. முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே, மீட்டரையும் ஸ்கேன் கருவியையும் முன்பே இணைத்துவைத்துக்கொண்டு, தன் கையால் செய்ய வேண்டும். இதை வேலைச்சீட்டிலும் எழுதிவாங்கிக்கொள்வது நல்லது. காலையில் பட்டறையைத் திறப்பவர் பெரும்பாலும் வேறொருவராக இருப்பார்.